பில்லில் என் பங்கு எவ்வளவு?

2018 செப்டம்பர் முதல் வாரம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சை கன்சல்டன்ட்டாகச் சேர்ந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு பையன் வந்து, மடித்த தாள் ஒன்றை என் ஓ.பி. மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்த மாதம் நான் செய்த பதினொரு அறுவை சிகிச்சைகளும் அதில் வரிசையாக இருந்தன. மனக்கணக்கில் 1,30,000 ரூபாய் வரும் என்று நினைத்திருந்தேன். கடைசி வரியில் 78,000 சொச்சம் இருந்தது.

ஏதோ தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு லேப் கோலி, அதாவது சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்த கேஸ். நோயாளிக்கு மொத்த பில் 68,000. சர்ஜன் ஃபீஸ் 18,000 என்று பில்லில் தனியாகவே இருந்தது. அது முழுக்க எனக்கு என்று நம்பியிருந்தேன். நோயாளி நிர்வாகத்துக்கு வேண்டியவர், அதனால் 3,000 தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். அது என் ஃபீஸிலிருந்து போனது. மீதி 15,000-இல் மருத்துவமனையின் பங்கு 20 சதவீதம், 3,000. அசிஸ்ட் செய்த ஜூனியருக்கு 1,500. மீதி 10,500-இல் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது. கைக்கு வந்தது 9,450. இதைத் தவிர மூன்று கேஸ்களுக்கு எதிரே தொகையே இல்லை, ‘டி.பி.ஏ. பெண்டிங்’ என்று மட்டும் எழுதியிருந்தது. டி.பி.ஏ. என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காக பில்களைக் கையாளும் இடைநிறுவனம். காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் அனுப்பினால்தான் எனக்கு வரும் என்று அர்த்தம்.

அன்று மாலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருட அனுபவமுள்ள எங்கள் மயக்க மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

“அக்ரிமென்ட்டைப் படிச்சியாம்மா?”

“கையெழுத்துப் போடும்போது பாத்தேன் சார். பர்சன்டேஜ் மட்டும்தான் கவனிச்சேன்.”

“உங்கூட அதே வாரம் ஆர்த்தோவில ஒரு பையன் சேர்ந்தானே, அவனுக்கு ஆறு மாசம் எம்.ஜி. தெரியுமா?”

எம்.ஜி. என்றால் மினிமம் காரண்டி. கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று மருத்துவமனை ஒத்துக்கொள்ளும் தொகை. செய்த கேஸ்களின் பங்கு அதைத் தாண்டினால் அந்தப் பங்கு முழுதும் கிடைக்கும், குறைந்தால் எம்.ஜி. கிடைக்கும். புதிதாக ஒரு ஊருக்கு வந்து, யாருக்கும் முகம் தெரியாத முதல் வருடத்தில் ஒரு சர்ஜனைக் காப்பாற்றுவது அதுதான். ஆர்த்தோ நண்பர் கேட்டு வாங்கியிருந்தார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். படித்த மூன்று வருடத்தில் குடலை எப்படி இணைப்பது என்று நூறு முறை சொல்லிக்கொடுத்த எங்கள் பேராசிரியர்களில் ஒருவர்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை இன்றும் ஒரு குறையாகவே நினைக்கிறேன். இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

அன்றிலிருந்து ஒரு டைரி போட்டேன். தேதி, கேஸ், யார் அனுப்பியது, பணம் யார் கட்டுவது, மொத்த பில், என் ஃபீஸ், கைக்கு வந்தது, வந்த தேதி. எட்டே கட்டங்கள். ஒரு வருடம் கழித்து அதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் என் வருமானத்தை எது தீர்மானிக்கிறது என்று விளங்கியது. என் கை எவ்வளவு நேர்த்தி என்பது அந்தப் பட்டியலில் மிகக் கீழே இருந்தது. அது எனக்கு வலித்தது.

முதலில், பணம் கட்டுவது யார் என்பது. இதை ஒரே இரவில் நடந்ததை வைத்தே சொல்லிவிடலாம்.

இரவு ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றும் தொழிலாளி, ஐம்பது வயது இருக்கும். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறை வடிவில் காற்று தெரிந்தது. குடல் புண் வெடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. வயிற்றைத் திறந்ததும் பச்சைப் பித்தமும் சீழும் கலந்து வழிந்தது. சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் முன்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை. அதைச் சுற்றி மூன்று தையல் போட்டு, கொழுப்புத் திரையிலிருந்து ஒரு நாக்கு எடுத்து மேலே வைத்து, தையல் நூலை அதன்மேல் முடிந்தேன். முடிச்சு இறுகினால் கொழுப்பு செத்துப்போகும், தளர்ந்தால் கசியும். விரல் நுனியில்தான் அது தெரியும். லிட்டர் லிட்டராக உப்பு நீர் ஊற்றிக் கழுவி, டிரெயின் வைத்து மூடும்போது விடியற்காலை நாலரை. அவர் ஆறு நாள் ஐ.சி.யூ.-வில் இருந்தார். தினமும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

அதே நாள் காலை பத்து மணிக்கு ஒரு ஹெர்னியா. கையில் பணம் கட்டுகிற நோயாளி, வேறு நோய் எதுவும் இல்லாதவர். வலை வைத்துத் தைத்து முடிக்க ஐம்பது நிமிடம். மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹெர்னியாவுக்கு என் பங்கு 14,000 ரூபாய், அந்த மாதமே வந்தது. குடல் ஓட்டைக்கு 4,500 ரூபாய், நான்கு மாதம் கழித்து வந்தது. லோடு ஏற்றுகிறவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர். 2012-இல் தொடங்கிய திட்டம், இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு தருகிறது. அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை. மருந்து, படுக்கை, தியேட்டர், மயக்க மருத்துவர், சர்ஜன் எல்லாம் அதற்குள் அடக்கம். ஐ.சி.யூ.-வில் நாள் கூடக்கூட மற்ற செலவு ஏறும், சர்ஜனின் பங்கு இறங்கும். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லையென்றால் அந்த மனிதரைக் கடன் வாங்க ஓடவிட்டிருப்பார்கள், வந்து சேர்வதற்குள் செத்திருப்பார். அந்த 4,500 ரூபாயை நான் குறைவாக நினைத்ததே இல்லை. ஆனால் பேக்கேஜ் தொகையைப் பிரிக்கும்போது முதலில் சுருங்குவது யாருடைய பங்கு என்பதை மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதிக்கொள்ளவில்லை. பிற்பாடு ‘திட்ட நோயாளிகளுக்குப் பேக்கேஜில் இத்தனை சதவீதம், கூடுதல் ஐ.சி.யூ. நாட்கள் இதைப் பாதிக்காது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்கு இரண்டு கூட்டம் நடந்தது.

டைரியில் அடுத்துக் கண்ணில் பட்டது, யார் அனுப்பியது என்ற கட்டம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நல்ல சர்ஜனைத் தேடி நோயாளி தானாக வருவார் என்று நினைப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஒரே ஊரில் இருந்தவருக்கு அது உண்மை. புதியவருக்கு நோயாளியை அனுப்புவது பொது மருத்துவர், குடல் சிறப்பு மருத்துவர், ஸ்கேன் சென்டர் ஆகியோர்தான். என் முதல் வருடக் கேஸ்களில் பாதிக்கு மேல் மூன்றே மூன்று மருத்துவர்கள் அனுப்பியவை. அதில் ஒருவர் வேறு மருத்துவமனைக்கு மாறியதும் என் வருமானம் அடுத்த மாதமே மூன்றில் ஒரு பங்கு விழுந்தது.

இதில் கசப்பான பகுதி கமிஷன். நோயாளியை அனுப்பியதற்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் தெளிவாகத் தடை செய்யப்பட்டது. ஆனாலும் ஒருவர் போன் செய்து, “மேடம், உங்ககிட்ட எப்படி?” என்று கேட்டார். எப்படி என்பதற்கு வேறு பொருள் இல்லை. கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு நோயாளிகூட வரவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியின் பில்லிலிருந்துதான். மறுத்ததால் என் வருமானம் குறைந்தது உண்மை. நேர்மையாக இருந்தும் நோயாளிகளைப் பெற ஒரு வழி இருக்கிறது, அது மெதுவான வழி. அனுப்பிய மருத்துவருக்கு அறுவை சிகிச்சை முடிந்த அன்றே போன் செய்து என்ன பார்த்தோம் என்று சொல்வது, பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் நகல் அனுப்புவது, நோயாளியின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அவரிடமே திருப்பி அனுப்புவது. இரண்டு வருடம் ஆனது. இப்போது எனக்கு அனுப்புகிறவர்கள் பதினேழு பேர்.

பெண் சர்ஜனாக இருப்பதன் கணக்கும் அந்த டைரியில்தான் தெரிந்தது. என் ஓ.பி. எப்போதும் நிறைந்திருந்தது. “லேடி சர்ஜன் இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே பெண்கள் வருவார்கள். மார்பில் கட்டி, மூலம், ஆசனவாய்ப் பிளவு. வருடக்கணக்கில் மறைத்து வைத்திருந்து, “டாக்டரம்மா, ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட முடியாதும்மா” என்று அழுதவர்கள் உண்டு. அவர்களைப் பார்ப்பது என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் அவை எல்லாம் சிறிய தொகை வரும் கேஸ்கள். தைராய்டும் இரைப்பைப் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் பக்கத்து அறையில் இருந்த ஆண் சர்ஜனுக்குப் போயின. இரண்டு பேரும் ஒரே வருடம் எம்.எஸ். முடித்தவர்கள். மாதத்துக்கு எத்தனை கேஸ் என்று பார்த்தால் நான் அதிகம். எவ்வளவு வந்தது என்று பார்த்தால் அவர் அதிகம்.

இது என் மனப்பிரமையோ என்று நினைத்திருந்த நேரத்தில் ஒரு ஆய்வைப் படித்தேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சர்ஜன்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான்; ஒரே அறுவை சிகிச்சைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. அப்படியிருந்தும் அறுவை சிகிச்சை செய்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெண் சர்ஜன்கள் 24 சதவீதம் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்று 2019-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. பெண்கள் மெதுவாகச் செய்கிறார்களா என்றும் பார்த்திருக்கிறார்கள். இல்லை, நேரத்தில் வித்தியாசம் இல்லை. கட்டணம் அதிகமுள்ள அறுவை சிகிச்சைகள் அவர்களிடம் குறைவாக வந்தன, அவ்வளவுதான். படித்து முடித்ததும் டைரியை எடுத்து மறுபடி புரட்டினேன். கோவையில் என் ஓ.பி. அறையில் நடந்தது அப்படியே அங்கும் நடந்திருக்கிறது.

அதற்கு நான் செய்தது, லேப்ராஸ்கோபி ஹெர்னியாவிலும் தைராய்டிலும் கையை இன்னும் தேற்றிக்கொண்டது. லேப்ராஸ்கோபிக்கான எஃப்.எம்.ஏ.எஸ். பயிற்சி முடித்தேன். பிறகு பெரிய கேஸ்களின் வீடியோக்களோடு பொது மருத்துவர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசினேன். “மேடம் தைராய்டும் பண்றாங்களா, தெரியாதே” என்று ஒருவர் சொன்னார். அவர் எனக்கு ஒன்றரை வருடமாக மூலம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்.

சிறப்புப் பிரிவு எது என்பதும் வருமானத்தைத் தீர்மானிக்கும். ஆனால் மாணவர்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல. படிப்பு நீளமாக இருந்தால் சம்பளம் கூடும் என்று நினைக்கிறார்கள். எம்.சிஎச். என்ற சிறப்பு அறுவை சிகிச்சைப் படிப்பு எதுவானாலும் எம்.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருடம்தான். சிறுநீரகவியல் முடித்த என் தோழியும் குழந்தைகள் அறுவை சிகிச்சை முடித்த இன்னொரு தோழியும் ஒரே காலம் படித்தார்கள். சிறுநீரகக் கல் ஊர் ஊராக இருக்கிறது, ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருகிறது, பத்துப் படுக்கை வைத்துக்கொண்டு லேசரும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியும் வாங்கினால் தனியாக நின்றுகொள்ளலாம். குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு நல்ல குழந்தைகள் ஐ.சி.யூ. வேண்டும், அதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும், மாவட்டத்தில் கேஸ் எண்ணிக்கையும் குறைவு. இதய அறுவை சிகிச்சையும் அப்படித்தான். சர்ஜன் ஒருவரால் ஒன்றும் தொடங்க முடியாது, இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன் ஆள் முதல் எக்கோ வரை ஒரு படையே வேண்டும், அதிலும் நோயாளி முதலில் பார்ப்பது கார்டியாலஜிஸ்ட்டை. நாட்டில் இந்த இரண்டு எம்.சிஎச். பிரிவுகளிலும் வருடா வருடம் இடங்கள் காலியாகக் கிடப்பதற்கு இது பெரிய காரணம். குழந்தைக்குக் குடல் அறுவை சிகிச்சை செய்ய ஆள் இல்லாமல் போகிற நாடு எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு வகுப்புத் தோழன் சொன்னது இது. அங்கே அரசு மருத்துவச் சேவையில் நரம்பு அறுவை சிகிச்சைக்கும் பொது அறுவை சிகிச்சைக்கும் கன்சல்டன்ட் சம்பள விகிதம் ஒன்றே. வாரத்துக்கு நான்கு மணி நேரம் கொண்ட பத்துப் பகுதிகள் என்று வேலையை எண்ணித்தான் சம்பளம். எந்த உறுப்பில் கத்தி வைக்கிறோம் என்பது கணக்கில் வராது. இரவு அழைப்புக்குத் தனித் தொகை. வித்தியாசம் வருவது வெளியே தனியாகப் பார்க்கும் நோயாளிகளால்தான்.

அரசுப் பணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருக்கிறார்கள். தமிழகத்தில் 2017 ஊதியத் திருத்தத்துக்குப் பிறகு உதவி மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவருக்கும் தொடக்கம் அதுதான், சர்ஜனுக்கும் அதுதான். மேலே ஏறுவது வருடங்களால். எத்தனையாவது வருடத்தில் எந்த ஊதியக்கட்டு என்பதை 2009-இல் வந்த அரசாணை 354 சொல்கிறது. 20 வருடத்தில் கிடைப்பதை 12 வருடத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நெடுநாள் கோரிக்கை. 2019 அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் நடந்ததற்கும் முக்கியக் காரணம் அதுவே. பணி நேரத்துக்கு வெளியே தனியாக மருத்துவம் பார்க்கத் தமிழக அரசு மருத்துவர்களுக்கு அனுமதி உண்டு. ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் அது கிடையாது. பதிலாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் தொழில் செய்யாமைக்கான படியாகத் தருகிறார்கள். எது லாபம் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். மாலையில் நோயாளி பார்க்க மனமும் உடம்பும் இருப்பவருக்கு ஒன்று, ஆராய்ச்சியும் பாடமும் குடும்பமும் வேண்டுகிறவருக்கு இன்னொன்று.

அரசுப் பணியின் மதிப்பு எனக்குப் புரிந்தது 2020-இல்தான். அந்த ஜனவரியில் எனக்குக் குழந்தை பிறந்தது. தனியாரில் கன்சல்டன்ட் என்பவர் அந்த மருத்துவமனையின் ஊழியர் அல்ல, தொழில்முறைச் சேவை அளிப்பவர். சம்பளத்துக்கான வரிப்பிடித்தம் இல்லாமல் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடித்ததன் பொருளே அதுதான். பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. 2017 திருத்தத்தில் 26 வாரமாக உயர்த்தப்பட்ட மகப்பேறு விடுப்பும் ஊழியருக்குத்தான். ஏழாம் மாதத்தில் நிர்வாகத்திடம் கேட்டபோது, “மேடம், நீங்க எப்ப வேணா லீவ் எடுத்துக்கலாம், நாங்க தடுக்கவே மாட்டோம்” என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஒரு ரூபாய் வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. திரும்பி வரலாம் என்று நினைத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் எல்லா இடத்திலும் நின்றன. ஏழு மாதம் என் வருமானம் பூஜ்யம். கார் கடனும் கிளினிக் வாடகையும் அப்படியே இருந்தன. அதே காலத்தில் குழந்தை பெற்ற அரசு மருத்துவத் தோழிக்கு 9 மாதம் முழுச் சம்பளம் வந்தது. 2021 ஜூலையிலிருந்து அது 12 மாதம்.

சேரும்போதே இதைக் கேட்டிருக்கலாமா என்றால், கேட்டிருக்கலாம். பிறகு வேறொரு மருத்துவமனையில் சேர்ந்த என் ஜூனியர் ஒருத்தி, மகப்பேறு காலத்துக்கு எம்.ஜி.யில் பாதியை மூன்று மாதத்துக்கு எழுதி வாங்கினாள். சட்டம் கொடுக்காததை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க முடியும் என்று அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

2021 கடைசியில் தேனிப் பக்கம் வந்தேன். பெரிய நகரத்தில்தான் சம்பளம் அதிகம் என்ற எண்ணம் வேலை செய்கிற காலம் முழுவதும் பலரை விடுவதில்லை. கோவை லேப்ராஸ்கோபிக்குப் பேர்போன ஊர், டாக்டர் சி. பழனிவேலு 1990-களிலிருந்து எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்த ஊர். அங்கே என்னைப் போன்றவர்கள் தெருவுக்கு நாலு பேர். இங்கே அப்படி இல்லை. எனக்குக் கோவையில் வந்த சராசரியைவிட ஒன்றரை மடங்கு எம்.ஜி. பேச முடிந்தது. அதற்கு விலையும் உண்டு. இரவு அழைப்பைப் பங்குபோட இன்னொரு சர்ஜன் இல்லை. ரத்தம் வேண்டுமென்றால் நேரமாகும். சிக்கல் வந்தால் மதுரைக்கு அனுப்ப வேண்டும், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை எனக்கு உட்கார முடியாது.

ஊருக்கு ஊர் வருமானத்துக்கு ஒரு பருவமும் இருக்கிறது. இங்கே கார்த்திகை, மார்கழியில் ஆண்கள் மாலை போட்டுவிடுவார்கள். ஹெர்னியாவைத் தள்ளிப்போடுவார்கள். போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய் எடுப்பு நேரத்தில் எஸ்டேட்டை விட்டு யாரும் வர மாட்டார்கள். பள்ளிக்கூட லீவு விட்டதும் மே மாதத்தில் தியேட்டர் நிற்காது. எம்.ஜி. இல்லாமல் கேஸ் கணக்கில் மட்டும் இருப்பவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துதான் கடன் வாங்க வேண்டும். நான் மே, ஜூன் வருமானத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து மார்கழியில் எடுக்கிறேன்.

வரி விஷயத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் 10 சதவீதம் பிடித்துவிட்டார்களே, வரி முடிந்தது என்று இருந்துவிட்டேன். டி.டி.எஸ். என்பது முன்பணம் மட்டும்தான். மீதி வரியும் வட்டியும் சேர்த்துக் கட்டும்படி ஆனது. மருத்துவர்களுக்கு 44ஏடிஏ என்ற பிரிவு இருந்ததே எனக்கு அப்புறம்தான் தெரியும். மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் செலவுக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. அதற்கான வரம்பு 50 லட்சமாக இருந்து, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் என்று 2023-24 நிதியாண்டிலிருந்து உயர்ந்தது. சேர்ந்த முதல் மாதமே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அப்படியே தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீட்டையும் உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில், பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. மருத்துவமனையின் பாலிசி உங்களையும் காக்கும் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள், பாலிசித் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இந்த வருடம்தான் எம்.எஸ். முடித்தவள், என் பேராசிரியர் எண் கொடுத்திருக்கிறார். “அக்கா, நாளைக்கு சைன் பண்ணணும், ஒருதடவை பாருங்க” என்று ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஆறு பக்கம். இரவு குழந்தை தூங்கிய பிறகு இருவரும் போனில் உட்கார்ந்தோம். நான்கு இடத்தில் கோடு போட்டோம். பங்கு என்பது பில் போட்ட தொகையிலா, வசூலான தொகையிலா. நிர்வாகம் கொடுக்கும் தள்ளுபடி யார் பங்கிலிருந்து போகும். எம்.ஜி. எத்தனை மாதம், அது முடிந்ததும் என்ன. வேலையை விட்டால் அந்த ஊரில் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டருக்குள் பிராக்டிஸ் பண்ணக் கூடாது.

“இதெல்லாம் கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்களோக்கா?”

“கேக்கிற விதமா கேளு. சர்ஜன் தேடி ஆறு மாசமா விளம்பரம் குடுத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீதானே சொன்ன.”

மறுநாள் மதியம் குறுஞ்செய்தி வந்தது. தள்ளுபடியை மருத்துவமனையே ஏற்கும். எம்.ஜி. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். வசூலான தொகையில்தான் பங்கு என்பதை மாற்றவில்லை, ஆனால் 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் பாதியை முன்கூட்டித் தருகிறார்களாம். அந்த ஊரில் பிராக்டிஸ் செய்யத் தடை போடும் நிபந்தனை அப்படியே இருக்கிறது. அதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி: “அக்கா, அந்த டைரியில எட்டுக் கட்டம் என்னென்ன?”

என் டைரியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.